மை ப்ளடி வேலண்டைன் (1981): முகமூடி, கரிச்சுரங்கம், தணிக்கையில் போன நிமிஷங்கள்

நாலாம்_ரீல்

கொலையாளி யார் என்பது உட்பட எல்லாம் பேசப் போகிறோம். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இழைக்குள் வாருங்கள்.

ஜார்ஜ் மிஹால்கா இயக்கிய கனடாப் படம். காதலர் தினம், சுரங்கத் தொழிலாளி உடை, முகத்தை முழுசாக மூடும் வாயு முகமூடி, கையில் கூந்தாலி. 1980 இலையுதிர் காலத்தில் எடுத்து, பாரமவுண்ட் மூலம் 1981 பிப்ரவரி 11 அன்று வெளியிட்டார்கள். அந்த வருஷம் பிப்ரவரி 14 சனிக்கிழமை. தேதியைக் குறிவைத்தே மொத்த வேலையும் ஓடியிருக்கிறது.

பண்டிகை நாளை வைத்து 12 நிமிஷக் குறும்படம் ஒன்று தயாராகிறது. முகமூடி போட்ட ஆள், பழிவாங்கல், நீளமான இருட்டு வழி ஒன்று. இந்தப் படத்தைப் பாடமாக வைத்துக்கொண்டு நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்: முகமூடியை எப்படிக் கையாள்வது, சுரங்க இருட்டுக்கு எப்படி லைட் வைப்பது, கணினி இல்லாமல் கொலைக் காட்சிகளை எப்படி எடுப்பது, படத்தின் எந்தப் பதிப்பைப் பார்ப்பது.

கரிச்சுரங்கம்

முதலில் இடம். அதைப் புரிந்துகொள்ளாமல் முகமூடியைப் பற்றிப் பேசினால் பாதிதான் பிடிபடும்.

கதையில் ஊர் வேலண்டைன் ப்ளஃப்ஸ். படம்பிடித்தது நோவா ஸ்கோஷியாவில், கேப் பிரட்டன் தீவின் சிட்னி மைன்ஸ் ஊரில், உற்பத்தி நின்றுபோன பிரின்சஸ் சுரங்கத்தில். தரைக்குக் கீழே நடக்கும் காட்சிகளில் பெரும்பகுதி நிஜச் சுரங்கம். படக்குழு வருகிறது என்றதும் ஊர்க்காரர்கள் சுரங்கத்தைக் கழுவி வண்ணம் பூசி வைத்துவிட்டார்கள், அதைத் திரும்ப அழுக்காக்கத் தனியாகச் செலவு ஆனது என்பது இந்தப் படத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி.

கதையின் அடிப்படைக் குற்றம் மீத்தேன். மேற்பார்வையாளர்கள் இரண்டு பேர் காதலர் தின நடனத்துக்குப் போகும் அவசரத்தில் வாயு அளவைப் பார்க்காமல் மேலே ஏறிவிடுகிறார்கள். உள்ளே வெடிக்கிறது. மாட்டிக்கொண்டவர்களில் ஹாரி வார்டன் ஒருவன்தான் உயிரோடு கிடைக்கிறான், அதுவும் கூட இருந்தவர்களின் உடலைத் தின்று. அடுத்த வருஷம் அதே நாளில் இரண்டு மேற்பார்வையாளர்களையும் கொன்று, இதயங்களை மிட்டாய்ப் பெட்டியில் வைத்து, "இனி இந்த ஊரில் நடனம் கூடாது" என்று எச்சரித்துவிட்டுப் போகிறான். இருபது வருஷம் கழித்து ஊர் மறுபடி நடனம் வைக்கிறது.

மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். ஒன்பதரை சதவீதத்தை ஒட்டி அடி மிகப் பலமாக இருக்கும். 5-க்குக் கீழே இருந்தால் வெடிக்காது, ஆனால் காற்றோட்டம் நின்றால் மேல்கூரையை ஒட்டி அடுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் அளக்கச் சொல்வது அதனால்தான். "நடனத்துக்குப் போக அளக்காமல் விட்டார்கள்" என்ற ஒரு வரி, கரி வெட்டுகிற ஊரில் இருப்பவனுக்கு எவ்வளவு பெரிய துரோகம் என்பதை மனதில் வையுங்கள். நோவா ஸ்கோஷியாவிலேயே ஸ்பிரிங்ஹில் சுரங்கத்தில் 1956 வெடிப்பில் 39 பேர், 1958-ல் பாறை இடிந்ததில் 75 பேர் இறந்தார்கள். 1958-ல் சிலரை ஒரு வாரத்துக்கும் மேலே கழித்துத்தான் உயிரோடு வெளியே எடுத்தார்கள். படம் வந்து பதினொரு வருஷத்தில், 1992 மே மாதம், வெஸ்ட்ரே சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 26 பேர் போனார்கள். பாதுகாப்பு எப்படி அலட்சியப்படுத்தப்பட்டது என்பதை விசாரணை ஆணையம் விரிவாகப் பதிவு செய்தது.

இந்தப் பழிவாங்கலுக்குக் கனம் வருவது அங்கிருந்துதான். கொலையாளியின் உடை வேஷம் அல்ல, வேலைக்குப் போடும் உடுப்பு. கதையில் பாதிப் பேர் தினமும் மாட்டுகிற உடுப்பு அது. ஆகவே யாரும் அவனாக இருக்கலாம்.

ரத்தினம்_எஃபெக்ட்ஸ்

முகமூடி பத்தி நான் சொல்றேன்.

படத்துல அந்த உடைக்குள்ள பெரும்பாலும் இருக்கிறது பீட்டர் கவ்பர்ங்கிற நடிகர். கடைசியில கொலையாளின்னு தெரியுற ஆக்சல் வேஷம் நீல் அஃப்ளெக். ரெண்டும் வேற வேற உடம்பு. முகம் மூடியிருந்தா இதான் முதல் லாபம்: முக்கிய நடிகரோட தேதிய வீணாக்காம, கொலைக் காட்சிய இன்னொருத்தர வெச்சு எடுக்கலாம். ஆனா உயரம், தோள் அகலம், எந்தக் கையால ஓங்குறார், இந்த மூணும் ஒத்துப் போகணும். இடக்கை ஆளை மாத்தி வெச்சா ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க.

இப்ப மாட்டுறதுல வர்ற சிக்கல்கள்.

பழைய ராணுவ உபரி மாஸ்க் ஆன்லைன்ல சுலபமா கிடைக்குது. வடிகட்டி டப்பாவோட போட்டு நடிக்க விடாதீங்க. ரெண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் மாஸ்க்கோட வடிகட்டியில அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கு, வேற நாட்டுப் பழைய சரக்கையும் அப்படித்தான் நினைச்சுக்கணும். டப்பாவைக் கழட்டிப் போட்டுட்டு, அதே அளவுல காலியா ஒரு பிளாஸ்டிக் டப்பா செஞ்சு, அடியில அகலமா ஓட்டை போட்டு மாட்டுங்க. ரப்பர் வெடிச்சிருந்தா டால்கம் போட்டு மறைக்காதீங்க, வேற வாங்குங்க. வியர்வை பட்ட உடனே முகத்துல அரிப்பு வரும்.

கண்ணாடி மூடுபனி பிடிக்கும். மூச்சுல இருக்குற ஈரம் குளிர்ந்த கண்ணாடியில படியுறதுதான் காரணம். மூச்சு விடுற வால்வு ஒட்டிக்கிட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் தெரியாது. வால்வ எடுத்துடுங்க. பாத்திரம் கழுவுற திரவம் ஒரு பங்கு, தண்ணி பத்துப் பங்கு கலந்து, உள்பக்கம் தடவி, மெல்லிய துணியால பளபளன்னு தெரியுற வரைக்கும் துடைங்க. கழுவக் கூடாது. அந்தப் படலம் இருக்குற வரைக்கும் தாங்கும், இல்லாட்டி திரும்பத் தடவணும். முதுகு தெரியுற ஷாட்டுக்கும் தூர ஷாட்டுக்கும் கண்ணாடியையே எடுத்துடலாம், காத்து வரும்.

மாஸ்க் போட்டா பக்கவாட்டுப் பார்வை போயிடும், காலடியும் தெரியாது. அதனால கூந்தாலி ஓங்குற ஷாட்டுல எதிர்ல இருக்குற நடிகருக்கும் கூந்தாலி முனைக்கும் குறைஞ்சது ஒரு மீட்டர் இடைவெளி வெச்சு, லென்ஸால தூரத்தைக் குறைச்சுக் காட்டுங்க. கேமராவுக்குக் குறுக்கே ஓங்குறதை விட, கேமராவை நோக்கி ஒரு பக்கமா ஓங்கினா இடைவெளி தெரியாது.

படத்தோட ஆரம்பக் காட்சிய ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. பொண்ணு அந்த மூச்சுக் குழாயக் கையால தடவுறா. அவன் முகமூடியக் கழட்ட மாட்டேங்கிறான். அவ நெஞ்சுல இதயம் ஒண்ணு பச்சை குத்தியிருக்கு. அத அவன் பார்த்த நொடியில எல்லாம் மாறுது. முகத்துல ஒரு தசை கூட நமக்குத் தெரியாது, தலை லேசா சாயறது மட்டும்தான். முகமூடி நடிப்புன்னா அது: கழுத்து, தோள், நிக்கிற நேரம். நடிகர்கிட்ட "கோபமாப் பாரு"ன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல, "மூணு எண்ணி தலையத் திருப்பு"ன்னு சொல்லணும்.

கேப்லாம்ப்

லைட் விஷயம்.

அந்தக் காலத்தில் பரவலாகப் புழங்கிய கோடாக் 5247 நெகட்டிவ் 100 ஏஎஸ்ஏ (ஃபிலிம் ஒளியை உணரும் வேகத்தின் அளவு). விநாடிக்கு 24 ஃப்ரேமில், எஃப் 2.8-ல் (லென்ஸ் திறப்பின் அளவு, எண் குறைந்தால் திறப்பு பெரிது), அதற்கு ஏறக்குறைய 100 ஃபுட் கேண்டில் வெளிச்சம், அதாவது 1,076 லக்ஸ் தேவை. லென்ஸை 1.4 வரை திறந்தாலும் 25 ஃபுட் கேண்டில் வேண்டும். தலைவிளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு இதை எட்ட முடியாது. அதோடு நிஜக் கரிச்சுரங்கத்தில் பெரிய விளக்குகளை இஷ்டப்படி இறக்கவும் முடியாது, வாயு காரணமாகக் கட்டுப்பாடு உண்டு. ஒளிப்பதிவாளர் ராட்னி கிப்பன்ஸின் வேலையை இந்தக் கணக்கோடு பார்த்தால்தான் மரியாதை வரும்.

இன்றைக்கு 3200 ஐஎஸ்ஓவில் (ஏஎஸ்ஏ-வுக்கு இணையான இன்றைய அளவு), அதே 2.8-ல், 3 ஃபுட் கேண்டில் போதும். ஆகவே வெளிச்சம் குறைவது இப்போது பிரச்சனை இல்லை, அதிகமாகிப் போவதுதான் பிரச்சனை. எல்லாம் தெரிகிற சுரங்கம் யாரையும் பயமுறுத்தாது.

எப்படி வைப்பது:

வழியின் நீளவாட்டில் 3 மீட்டருக்கு ஒரு மஞ்சள் குண்டு பல்பு, கம்பிக்கூண்டோடு, தலைக்கு மேலே. ஒவ்வொன்றுக்கும் தனி டிம்மர். கடைசி பல்புக்குப் பின்னால் 4 மீட்டர் தள்ளி, வளைவுக்கு அந்தப்பக்கம், ஒரு விளக்கைத் தரையில் வைத்துச் சுவரில் அடியுங்கள். அதற்கு முன்னால் வருகிறவன் நிழலுருவாகத் தெரிவான். முன்பக்கம் நிரப்பு வெளிச்சம் வேண்டாம்.

தலைவிளக்கு கேமராவைப் பார்த்தால் முகமூடி கரைந்துபோய் ஒரு வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். அது சில ஷாட்டுக்கு நல்லது, எல்லாவற்றுக்கும் ஆகாது. விளக்கை ஹெல்மெட்டில் 15 டிகிரி கீழே சாய்த்து மாட்டினால், ஒளி அவன் முன்னால் தரையில் விழுந்து திரும்பி வந்து முகமூடியின் கண்ணாடியை அடியிலிருந்து தொடும்.

கண்ணாடியில் கேமராவும் குழுவும் தெரிவது நிச்சயம். வட்டக் கண்ணாடி வளைவானது, அறை முழுக்க அதில் தெரியும். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி, குழுவுக்குக் கறுப்பு உடை. கண்ணாடிக்குள் பழுப்பு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டினால் நடிகரின் கண் மறையும், பிரதிபலிப்பு குறையாது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

படத்தில் அவன் சுரங்க வழியில் நடந்து வந்துகொண்டே மேலே தொங்கும் விளக்குகளை ஒவ்வொன்றாகக் கூந்தாலியால் உடைக்கிற காட்சி இருக்கிறதே, அதைத்தான் எல்லோரும் நகலெடுக்க ஆசைப்படுவார்கள். மின்சாரம் ஓடுகிற நிஜ பல்பை உடைக்கவே கூடாது. ஈரக் கைப்பிடி, இரும்புத் தலை, கீழே விழும் கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஆபத்து. கூண்டுக்குள் இணைப்பே இல்லாத, உடையும் ரெசின் பல்பு ஒன்று. அதற்கு 20 சென்டிமீட்டர் மேலே, பலகை மறைவில், எரிகிற சின்ன எல்ஈடி. அடி விழும் நொடியில் டிம்மரில் இருப்பவர் அதை அணைக்க வேண்டும். படிப்படியாக இறக்காமல் ஒரே வெட்டாக. அவர் கண்ணால் பார்த்து அணைத்தால் இரண்டு மூன்று ஃப்ரேம் தாமதமாகும், ஆகவே நடையை எண்ணிக்கையில் பழக்குங்கள்: நான்கு அடி, ஒரு வீச்சு, நான்கு அடி, ஒரு வீச்சு. அந்தத் தாளம்தான் காட்சியே.

நாலாம்_ரீல்

நன்றி. பழைய கிணறு, மூடிக்கிடக்கும் குவாரிப் பக்கச் சுரங்கம் மாதிரி இடங்களில் எடுக்கலாமா என்று ஒரு யோசனை.

கரிச்சுரங்கம்

வேண்டாம். மூடிக்கிடக்கும் குழியில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்கலாம். கரியமில வாயு கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். அதற்கு மணம் இல்லை. வாயு முகமூடி போட்டிருக்கிறோமே என்று நினைக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வடிகட்டி மாஸ்க் காற்றைச் சுத்தம் செய்யும், இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. மீத்தேனையும் பிடிக்காது.

செட் போடுங்கள். 12 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், கடைசி 3 மீட்டர் வளைவு. வளைவு இருந்தால் முடிவு தெரியாது, 12 மீட்டர் முடிவில்லாததாகிவிடும். 1.2 மீட்டருக்கு ஒரு மரச்சட்டம், தொலைவில் போகப்போக உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் இன்னும் நீளமாகத் தெரியும். ஆனால் குறைத்த பகுதியில் ஆள் நிற்கக் கூடாது, நின்றால் ராட்சசனாகிவிடுவான்.

நிஜக் கரித்தூள் பயன்படுத்தாதீர்கள். நுரையீரலுக்குக் கெடுதல், காற்றில் மிதந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். முல்தானி மெட்டியில் தரைக்குப் போடும் கறுப்பு ஆக்சைடு கலந்து, சுவரில் ஈரமாகவே பூசுங்கள். காய்ந்த தூளாகத் தூவுவது ஷாட்டுக்கு முன் மட்டும், குழுவுக்கு மாஸ்க்கோடு.

ரத்தினம்_எஃபெக்ட்ஸ்

ரத்தம், கூந்தாலி ரெண்டையும் சேர்த்து எழுதிடறேன். படத்துக்கு இந்த வேலையச் செஞ்சது டாம் பர்மன் குழு.

அந்தக் காலத்துத் திரை ரத்தம்னா அமெரிக்க மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித்தோட கலவைதான் அடிப்படை. வெள்ளைக் கார்ன் சிரப் ஒரு குவார்ட், அதாவது 946 மி.லி. மெத்தில் பாரபென் ஒரு டீஸ்பூன், கெட்டுப் போகாம இருக்க. சிவப்பு உணவு நிறம் 2 அவுன்ஸ், 59 மி.லி. மஞ்சள் நிறம் 5 டீஸ்பூன். கோடாக் ஃபோட்டோ ஃப்ளோ (ஃபிலிம் கழுவுறப்ப சேர்க்குற திரவம்) 2 அவுன்ஸ், துணியில முத்து முத்தா நிக்காம ஊறிப் பரவ. ஃபோட்டோ ஃப்ளோ விஷம். வாய்க்குப் போற ரத்தத்துல அது அறவே கூடாது.

சிவப்பு மட்டும் போட்டா ரோஸ் மில்க் பக்கம் சாஞ்சிடும், மஞ்சள் அதுக்குத்தான். கார்ன் சிரப்புக்குப் பதிலா பேக்கரி சாமான் கடையில லிக்விட் குளுக்கோஸ் வாங்கலாம், ஆனா அது ரொம்பக் கெட்டி. ஒரு கிலோவுக்கு 150 மி.லி. வெந்நீர்ல ஆரம்பிச்சு, கரண்டியிலேர்ந்து நூலா இறங்குற வரைக்கும் சேத்துக்கிட்டே போங்க. வாய்க்குன்னா நிறத்தோட நிறுத்திக்கங்க. துணிக்குன்னா லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவுற திரவம். சக்கரைப் பாகுங்கிறதால எறும்பு வரும், ராத்திரி செட்டைத் தொடச்சிட்டுப் போகணும். தோல்ல சாயம் பிடிக்கும், நடிகருக்கு முதல்ல மெல்லிசா வாசலின்.

ட்யூப்ல ரத்தம் விடுறப்ப எல்லாரும் மாட்டிக்கிற இடம் இது. உள்விட்டம் 6 மி.மீ. ட்யூப் 2 மீட்டர் நீளம்னா அதுக்குள்ளயே 56 மி.லி. போயிடும். 60 மி.லி. சிரிஞ்ச அழுத்தினா வெளிய நாலு சொட்டு. 4 மி.மீ. ட்யூப்னா 25 மி.லி.தான். ட்யூப ஷாட்டுக்கு முன்னாடியே முனை வரைக்கும் நிரப்பி, முனைய மெழுகால லேசா அடைச்சு வைங்க. கலவைய இன்னும் கொஞ்சம் தண்ணியாக்குங்க, இல்லன்னா அழுத்தி ஒரு நொடி கழிச்சுத்தான் வரும்.

கூந்தாலி மூணு வேணும். ஒண்ணு நிஜம், கையில பிடிச்சு நிக்கிற குளோஸப்புக்கு மட்டும். ரெண்டாவது தலை முழுசும் நுரை ரப்பர், ஓங்குறதுக்கு. மூணாவது முனைய வெட்டி எடுத்து, வெட்டின இடத்துல உடம்பு வளைவுக்குப் பொருந்துற தகடு வெச்சது, குத்தின பிறகு நிக்கிற ஷாட்டுக்கு. மூணுக்கும் ஒரே துரு, ஒரே அழுக்கு. நிஜத்தை செட்டுல யார் கையிலயும் விடாதீங்க, ஒரே ஆள் பொறுப்பு.

மதுக்கடைக்காரர் ஹேப்பி சாகுற காட்சி இதுல பாடம். இளசுகளப் பயமுறுத்தக் கதவைத் திறந்தா கூந்தாலியோட பாயுற மாதிரி ஒரு பொம்மையக் கட்டி வெச்சிருக்கார். தானே திறந்து பார்த்துச் சிரிக்கிறார். திரும்பத் திறக்கிறார். இந்தத் தடவை பொம்மை இல்ல. தாடைக்கு அடியில போன முனை கண்ணு வழியா வருது. முழுத் தலை வார்ப்பெடுத்துத்தான் அத முழுசாக் காட்ட முடியும். குறும்படத்துக்கு அது தேவையில்ல. தாடையடியில ரப்பர் முனை தொடுறது ஒரு ஷாட். அடுத்தது முகம்: மூடின கண்ணு மேல ஜெலட்டின் துண்டு, நடுவுல 7 மி.மீ. கனம், அது மேல அரைக்கோளக் கண்ணு. துண்டுக்குள்ள ஏற்கெனவே வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற சின்ன முனையோட எடுக்க ஆரம்பிச்சு, மீன்பிடி நரம்பால உள்ள இழுங்க. எடிட்டிங்ல திருப்பிப் போட்டா உள்ளேருந்து வெளிய வரும். திருப்பிப் போடுற ஷாட்டுல ரத்தம் ஓடக் கூடாது, மேல ஏறுற மாதிரி தெரியும். முனை வந்து நின்ன பிறகு தனி ஷாட்டுல ரத்தம்.

ஜெலட்டின் நம்ம ஊர் வெயில்ல, அதுவும் லைட்டுக்குக் கீழ, ஓரத்துலேர்ந்து இளகும். ஐஸ் பெட்டியில வெச்சிருந்து கடைசி நிமிஷத்துல ஒட்டுங்க, ஒட்டின அரை மணிக்குள்ள ஷாட்ட முடிங்க. முக வார்ப்புக்கு ஆல்ஜினேட் (அச்செடுக்குற பொடி) கலக்குறப்பவும் குளிர்ந்த தண்ணிதான், வெதுவெதுன்னு இருந்தா கிண்ணத்துலயே இறுகிடும்.

மேகலா_சவுண்ட்

முகமூடிக்குப் பாதி நடிப்பு ஒலியில் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே.

படப்பிடிப்பில் மாஸ்க்குக்குள் மைக் வைத்துக் கிடைக்கும் மூச்சு பயன்படாது. காற்று நேரே மோதிப் படபடவென்று அடிக்கும், ரப்பர் உரசும். பிறகு தனியாகப் பதியுங்கள். 40 சென்டிமீட்டர் பிவிசி குழாய், 50 மி.மீ. விட்டம், ஒரு முனையில் வாய். மறுமுனையிலிருந்து 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் மைக். நேருக்கு நேர் வேண்டாம். சாதாரண மனிதன் நிமிஷத்துக்கு 12 முதல் 16 தடவை மூச்சு விடுகிறான். கொலையாளிக்கு 8 அல்லது 9. பார்க்கிறவர்கள் தங்களை அறியாமல் அந்த மூச்சோடு மூச்சை ஒட்டிக்கொள்வார்கள், அவ்வளவு மெதுவாக விட முடியாமல் திணறுவார்கள். அடிக்கும் முன் இரண்டு விநாடி நிறுத்துங்கள்.

எதிரொலியில் கவனம். சுரங்கம் என்றதும் தேவாலய அளவுக்கு எதிரொலி போடுகிறார்கள். கரியும் மரச்சட்டமும் தூசும் ஒலியை உறிஞ்சும். நீளமான குறுகிய வழியில் ஒலி தூரத்திலிருந்து குழாய் வழியாக வருவதுபோல் வரும், சுற்றிச் சுழலாது. முதல் பிரதிபலிப்பு வேகமாக, வால் குட்டையாக.

இசை பால் ஸாஸா. கடைசியில் வரும் ஹாரி வார்டன் கதைப்பாட்டை ஜான் மெக்டெர்மட் பாடியிருக்கிறார். ஊர் தன் விபத்தைத் தானே பாட்டாக்கி வைத்திருப்பதுபோல் அமைந்திருக்கும். கரி ஊர்களில் இப்படிப் பாட்டு உண்டு, அதனால் அது வெளியே ஒட்டவைத்தது போல் இல்லை.

வெட்டும்_ஒட்டும்

பதிப்புகள்.

அமெரிக்கத் தரச்சான்று அமைப்பான எம்பிஏஏ, பெரியவர்களுக்கு மட்டுமான எக்ஸ் சான்றைக் காட்டி மிரட்டியதால், சிறுவர்கள் பெரியவர் துணையோடு பார்க்கக்கூடிய ஆர் சான்றுக்காகக் கொலைக் காட்சிகள் ஒவ்வொன்றிலும் வெட்டினார்கள். முந்தைய வருஷம் இதே பாரமவுண்ட் வெளியிட்ட ஸ்லாஷர் (ஒருவன் வரிசையாகக் கொலை செய்யும் திகில் படம்) மீது எழுந்த எதிர்ப்பும், 1980 டிசம்பரில் ஜான் லென்னன் சுடப்பட்ட பிறகு வன்முறை பற்றி இருந்த மனநிலையும் காரணம் என்று சொல்லப்படுகிறது. தியேட்டருக்கு வந்தது 90 நிமிஷத்தை ஒட்டிய பதிப்பு. 2009-ல் லயன்ஸ்கேட் வட்டில் ஏறக்குறைய 3 நிமிஷம் திரும்ப வந்தது. அதில் சேர்த்த துண்டுகள் தரம் குறைந்து தனியாகத் தெரியும், ஆனால் படிக்கிறவனுக்கு அதுவே வசதி: எங்கே வெட்டினார்கள் என்று கோடு போட்டுக் காட்டுகிறது. 2020-ல் ஸ்க்ரீம் ஃபேக்டரி புதிய 4கே ஸ்கேனில் வெளியிட்டது. லைட் படிக்க அது, வெட்டு படிக்க 2009.

ஹேப்பி, துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் மேபல், கொதிக்கும் பானையில் டேவ், குளியலறைக் குழாயில் சில்வியா, ஆணி சுடும் துப்பாக்கியில் ஹாலிஸ். இவை எல்லாவற்றிலும் வெட்டிய பதிப்பு ஒரே தவறைச் செய்கிறது: அடி விழுவதற்கு முன் வெட்டி, முடிந்த பிறகு திறக்கிறது. நடுவில் முகபாவ ஷாட் இல்லை. காரணம், எடுக்கும்போதே அதைத் தனியாக எடுத்து வைக்கவில்லை என்றுதான் படுகிறது.

ஆகவே ஒவ்வொரு கொலைக்கும் மூன்று காப்பு ஷாட் எடுங்கள். சாகிறவரின் கை அல்லது கால், 3 விநாடி. கொலையாளி தோள் வரை, அசையாமல், 5 விநாடி. அறையில் வேறு ஒரு பொருள், 4 விநாடி. சான்று கேட்டு வெட்டச் சொன்னாலும், திருவிழாவுக்கு ஒரு பதிப்பு இணையத்துக்கு ஒரு பதிப்பு என்று வந்தாலும், இசை அறுபடாமல் மாற்றலாம்.

இன்னொன்று. எஃபெக்ட் ஷாட்டை 36 ஃப்ரேமுக்கு மேல் விடாதீர்கள். 24-ல் நம்புவார்கள், 36-ல் பார்ப்பார்கள், 48-ல் ஒட்டின ஓரத்தைத் தேடுவார்கள்.

இருட்டறை

எல்லாரும் பாராட்டுறீங்க. கதையோட மூலத்துலயே ஓட்டை இருக்கே. ஆக்சலோட அப்பா, ஹாரி கொன்ன ரெண்டு மேற்பார்வையாளர்ல ஒருத்தர். அப்ப ஆக்சல் ஹாரிய வெறுக்கணும். ஹாரி வேஷத்துல வந்து நடனத்துக்குப் போறவங்களக் கொல்றது என்ன பழிவாங்கல்? ஹாரி அஞ்சு வருஷம் முன்னாடியே செத்தாச்சுன்னு கடைசியில சொல்றது சும்மா திருப்பத்துக்காக.

கரிச்சுரங்கம்

ஓட்டை இல்லை, நண்பரே. பழி ஹாரியுடையது, கை ஆக்சலுடையது. அப்பா கொலையாவதைக் கண்ணால் பார்த்த பையன் அவன். அவனுக்குள் பதிந்தது ஒரு கட்டளை: நடனம் நடந்தால் சாவு வரும். மறுபடி நடனம் வைத்ததும், சாவைக் கொண்டுவரும் வேலையை அவனே எடுத்துக்கொள்கிறான். யாரைக் கொல்கிறான் என்று வரிசையாகப் பாருங்கள். மேபல் நடனத்துக்கு அலங்காரம் செய்கிறவள். ஹேப்பி ஹாரியின் கதையைச் சொல்லிப் பயமுறுத்தி, பிறகு அதையே விளையாட்டாக்குகிறவர். பிறகு தடையை மீறிச் சுரங்கக் கூடத்தில் விருந்து வைக்கிறவர்கள். விதியை மீறாத ஒருவரையும் முதலில் தொடவில்லை.

நான் ஒப்புக்கொள்ளும் குறை வேறு. சாரா யாருக்கு என்ற ஆக்சல், டி.ஜே. சண்டையில் இவ்வளவு நேரம் போனதால், கொலையாளி தெரிந்ததும் "பொறாமையில் செய்தான்" என்று பலர் படித்துவிடுகிறார்கள். அப்பா கொலையாகும் பழைய காட்சியைக் கடைசியில் மட்டும் காட்டாமல், நடுவில் ஒரு தடவை அவன் மேற்பார்வையாளர் அறைக்குள் நுழையத் தயங்குவது மாதிரி ஒன்று இருந்திருந்தால் போதும்.

இருட்டறை

மேபல், ஹேப்பி வரிசை சரி. அத ஏத்துக்கிறேன். ஆனா சுரங்கத்துக்குள்ள மைக், ஹேரியட் சாகுறதுக்கு அந்த விதி எங்க? அவங்க தனியா ஒதுங்கினாங்க, அவ்வளவுதான்.

கரிச்சுரங்கம்

அங்கே விதி தளர்கிறது, உண்மைதான். கீழே இறங்கின பிறகு படம் ஓட்டத்துக்கு மாறிவிடுகிறது.

வெட்டும்_ஒட்டும்

அந்த இருவர் சாவில் துளைக்கருவி நேராகப் போகும் பகுதி 2009 வட்டிலும் இல்லை. உடல்கள் கிடைப்பது மட்டும்தான். ஆகவே அந்தக் காட்சி வெறுமையாகத் தெரிவதில் கதைக்கும் பங்கு உண்டு, வெட்டுக்கும் பங்கு உண்டு.

நாலாம்_ரீல்

கடைசியாக ஒன்று. மேபல் காட்சி போல ஒரு சலவைக்கடைக் காட்சி திரைக்கதையில் இருக்கிறது. சுரங்க உடை கருநீலம், ரத்தம் விழுந்தால் தெரியவே இல்லை. என்ன செய்யலாம்?

ரத்தினம்_எஃபெக்ட்ஸ்

உடையில காட்ட முயற்சி பண்ணாதீங்க. மங்கின மஞ்சள் வெளிச்சத்துல சிவப்பு கறுப்பாத்தான் விழும். படத்துல சலவைக்கடைய ஏன் வெச்சாங்கன்னு பாருங்க: வெள்ளை மெஷின், வெள்ளைச் சுவர், மேல முழுக்கச் சிவப்புக் காகித இதயம். ரத்தத்தோட நிறம் சாவுக்கு முன்னாடியே அறையில தொங்குது. அந்த வெள்ளையில ஒரு கோடு போதும். உடைக்கு ஈரப் பளபளப்பு மட்டும் குடுங்க, நிறமில்லாத சிரப், பக்கவாட்டு வெளிச்சத்துல மின்னும்.

மெஷின் விஷயத்துல ரெண்டு. பின்பக்கத் தகடையும் மோட்டாரையும் கழட்டிட்டு, ப்ளக்க வெட்டியே எடுத்துடுங்க, பிடுங்கி வெச்சா யாராவது திரும்பச் செருகுவாங்க. கதவோட தாழ்ப்பாள் நாக்க அரத்தால ராவிடுங்க, உள்ள இருக்குறவங்க தலையால தள்ளினாலும் திறக்கணும். சுத்துற ஷாட்டுக்கு ஆள் வேண்டாம், நனைஞ்ச போர்வைக்குள்ள 15 கிலோ அளவுக்குத் துணி மூட்டை, ஒரு பொம்மைக் கை. டிரம்மக் கையால பின்பக்கத்துலேர்ந்து சுத்துங்க. கை கண்ணாடியில படுற சத்தம் மேகலா பார்த்துக்குவாங்க.

மேகலா_சவுண்ட்

அந்தச் சத்தத்துக்கு ரப்பர் கை வேண்டாம், மொட்டையாகக் கேட்கும். தோல் கையுறைக்குள் ஈரமணல் முக்கால் பங்கு நிரப்பி, நிஜ மெஷின் கதவில் அடியுங்கள். முழுக்க நிரப்பினால் விரல் தளராது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடைவெளி இருந்தால் இயந்திரம் என்று தெரியும், நான்காவது சுற்றில் ஒன்றைத் தவறவிடுங்கள்.